ஐரோப்பா சுவர் மேப்: அச்சு அருமை, எல்லைக்கோடுகளில் குழப்பம் (5க்கு 3)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரிண்ட் பளிச்சென்று இருக்கிறது, லேமினேஷன் கெட்டி, மார்க்கரால் எழுதித் துடைத்தால் கறை நிற்பதில்லை, நதிகளின் பெயர்கூடத் தள்ளி நின்று படிக்க முடிகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக ஆன்லைனில் வாங்கியது. அந்தப் பிள்ளைகள் சுவரில் பார்ப்பதை அப்படியே மனதில் பதித்துக்கொள்வார்கள், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பிரச்சினை, எதை நாடு என்று காட்டுவது என்பதில். கொசோவோ தனி நிறத்தில், மற்ற நாடுகளுக்குப் போட்ட அதே தடித்த கோட்டோடு இருக்கிறது, பிரிஸ்டினாவுக்குத் தலைநகர்க் குறியும் உண்டு. இதற்கு நியாயம் இருக்கிறது: 2008 பிப்ரவரியில் செர்பியாவிலிருந்து விடுதலை அறிவித்தது, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஏறக்குறைய பாதி ஏற்றுக்கொண்டிருக்கின்றன, ஐ.எம்.எஃப். என்கிற பன்னாட்டு நிதியம், ஃபிஃபா இரண்டிலும் உறுப்பினர். ஆனால் செர்பியா ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஐந்தும் ஏற்கவில்லை, ஐ.நா.வில் இடமும் கிடையாது. இத்தனை இருந்தும் தகராறு உண்டு என்று காட்ட ஒரு புள்ளிக்கோடுகூட இல்லை.

சரி, யார் கையில் ஆட்சி இருக்கிறதோ அதை வைத்து வரைந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு சைப்ரஸைப் பார்த்தால் முழுத் தீவும் ஒரே நிறம். 1974-இல் துருக்கிப் படை இறங்கியதிலிருந்து தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சைப்ரஸ் அரசின் கையில் இல்லை. 1983-இல் அங்கே தனி நாடு என்று அறிவித்தார்கள், துருக்கி மட்டும் ஏற்றது, ஐ.நா. பாதுகாப்பு சபை தனது 541-ஆம் தீர்மானத்தில் அந்த அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்றது. அங்கீகாரத்தைப் பார்த்தால் ஒரே நிறம் சரிதான், ஆனால் நிகோசியா நகரத்தையே இரண்டாகப் பிரிக்கிற ஐ.நா. காவல் பகுதிக்கு மெல்லிய கோடாவது வேண்டாமா? மால்டோவாவில் இன்னும் மோசம். டிரான்ஸ்னிஸ்ட்ரியா என்ற பெயரே இல்லை. 1992-இல் மால்டோவாவோடு நடந்த சண்டைக்குப் பிறகு சொந்த நாணயம், சொந்தச் சோதனைச் சாவடி, திராஸ்போலில் தனி நிர்வாகம் என்று நடக்கிற இடம் அது. ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட, ரஷ்யாவும்கூட, அதை நாடாக ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கிற அப்காசியாவுக்கும் தெற்கு ஒசேட்டியாவுக்கும் மட்டும் சாய்கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 2008 ரஷ்யா-ஜார்ஜியா போருக்குப் பிறகு அவற்றை ரஷ்யாவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளும் ஏற்றன.

ஆக ஒரே தாளில் மூன்று அளவுகோல். கட்டுப்பாடு யாரிடம் என்று பார்ப்பது ஒரு முறை, யார் அங்கீகரித்தார்கள் என்று பார்ப்பது இன்னொரு முறை. 1933 மொண்டேவிடியோ ஒப்பந்தம் நிரந்தர மக்கள், வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன் என்று ஒரு நாட்டுக்கு நான்கு தகுதி சொல்கிறது, அதை எடுத்துக்கொண்டாலும் சரி. எதை எடுத்தீர்களோ அதைச் சொல்லிவிட்டுக் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. குறிவிளக்கப் பெட்டியில் ரயில் பாதைக்கும் விமான நிலையத்துக்கும் குறி இருக்கிறது, சாய்கோட்டுக்கு விளக்கம் இல்லை.

2014-இல் உக்ரைனிடமிருந்து ரஷ்யா எடுத்துக்கொண்ட கிரிமியாவிலும் அதே சாய்கோடுதான். அந்த மார்ச்சிலேயே ஐ.நா. பொதுச்சபையில் உக்ரைனின் எல்லைகளை ஆதரித்து 100 நாடுகள் வாக்களித்தன, 11 எதிர்த்தன, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. தேர்வில் கேட்கக்கூடிய விஷயம், ஓரத்தில் ஒரு வரி குறிப்பு போட்டிருக்கலாம். அட்டையில் 2024 பதிப்பு என்று இருக்கிறது, ஆனால் 2022 செப்டம்பரில் ரஷ்யா தன்னோடு இணைத்ததாக அறிவித்த நான்கு உக்ரைன் மாகாணங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் தனி நிர்வாகம் நடத்திவந்த நாகோர்னோ கராபாக் இன்னும் தகராறுப் பகுதியாகவே நிற்கிறது. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் அதைக் கைப்பற்றி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வெளியேறி, 2024 ஜனவரி 1 அன்று அந்த நிர்வாகமே கலைந்துபோயிற்று.

கீழே உள்ள அட்டவணை என்னை நிஜமாகவே கோபப்படுத்தியது. 'நாடுகளும் தலைநகரங்களும்' என்ற தலைப்பில் ஜிப்ரால்டர், ஜெர்சி, மான் தீவு, ஃபாரோ தீவுகள் எல்லாம் பிரான்சுக்கும் போலந்துக்கும் சமமாக வரிசையில் நிற்கின்றன. ஜெர்சியும் மான் தீவும் பிரிட்டிஷ் முடியின் கீழ் இருப்பவை, பிரிட்டனின் பகுதியும் இல்லை, தனி நாடும் இல்லை. ஃபாரோ தீவுகள் டென்மார்க் முடியாட்சிக்குள் தன்னாட்சி உள்ளவை. ஐரோப்பாவில் எத்தனை நாடு என்று ஒரு மாணவி இந்த அட்டவணையை எண்ணிச் சொன்னால் எந்த விடைத்தாளிலும் மதிப்பெண் வராது. ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவின் கணக்கில் வாடிகனையும் சேர்த்து 44, சைப்ரஸும் ஜார்ஜியாவும் அந்தக் கணக்கில் மேற்கு ஆசியா, இந்த 44-இல் சேராது. ஐரோப்பிய ஒன்றியம் அல்லாத வேறு அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலில் 46 உறுப்பினர்கள், அங்கே சைப்ரஸ், ஜார்ஜியா, துருக்கி, ஆர்மீனியா, அஜர்பைஜான் எல்லாம் உண்டு. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் எண்ணிக்கை மட்டும் கொடுப்பதில் பயனில்லை.

விற்பனையாளருக்கு எழுதினேன், மேப்பை மாற்றித் தருகிறோம் என்றார்கள், அதே பதிப்புதான் மறுபடி வரும் என்பதால் வேண்டாம் என்றேன். நதி, மலை, நகரம் படிக்க இது தாராளமாகப் போதும். எல்லைகளும் நாடுகளும் பாடமாக எடுக்கிறவர்கள் எந்த மேப் வாங்கினாலும், குறிவிளக்கப் பெட்டியைப் பெரிதாக்கிப் போட்ட படம் அனுப்பச் சொல்லுங்கள், அதில் தகராறுப் பகுதிகளுக்கு விளக்கம் இருந்தால் மட்டும் காசு கட்டுங்கள்.