‘அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் கவர் உண்டு’ என்ற ஒரு வரியை நம்பிப் பனிச்சறுக்குக்குப் போகாதீர்கள்

போன குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்டில் பனிச்சறுக்கு விளையாடும்போது என் மனைவிக்கு முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) அறுந்தது. டிராவல் இன்சூரன்ஸ் இருந்தது. பனிச்சறுக்குக்கென்று தனியாகப் பணம் கட்டி ஆட்-ஆனும் வாங்கியிருந்தோம். அப்படியும் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது, அது ஒரு காரணம். எங்களை மாட்டவைத்த அதே நிபந்தனை வேறு சில நிறுவனங்களின் பாலிசியிலும் இருப்பதை அப்புறம் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் மற்றதை நம்பி வாங்கிவிடுவீர்கள்.

சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும், தங்கும் நாள் முழுவதும் அது செல்ல வேண்டும். இவ்வளவுதான் தூதரகம் பார்ப்பது. நீங்கள் அங்கே போய் மியூசியம் பார்க்கப் போகிறீர்களா, மலையிலிருந்து சறுக்கப் போகிறீர்களா என்பது அவர்களுக்குக் கவலை இல்லை. அதனால் டிக்கெட், ஹோட்டலோடு சேர்த்து டிராவல் ஏஜென்ட் தள்ளிவிடும் பாலிசி பெரும்பாலும் விசா அதிகாரியைத் திருப்திப்படுத்தும் பாலிசியாகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரிந்ததால்தான் வாட்ஸ்அப்பில் ஏஜென்டிடம் நேராகவே கேட்டேன்: “நாங்கள் ஸ்கீயிங் பண்ணப் போறோம், இதுல கவர் ஆகுமா?” பதில் உடனே வந்தது: “எல்லாம் கவர் சார். அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் ஆட்-ஆன் போட்டுத் தரேன், கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்.” சரி என்று கட்டினேன். இரண்டு பக்கச் சான்றிதழ் வந்தது. அதில் ‘அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ்: உண்டு’ என்று ஒரு வரி. முழு பாலிசி விதிமுறையை அனுப்பச் சொன்னதற்கு, “அது பெரிய டாக்குமெண்ட் சார், சர்டிஃபிகேட்தான் முக்கியம்” என்றார்.

விபத்து பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. கிரிண்டெல்வால்டில் போட்மி என்று ஆரம்பக்காரர்களுக்கான சரிவு இருக்கிறது. குழந்தைகள் சறுக்கும் இடம். காலையில் பயிற்சியாளரோடு வகுப்பு. மதியம் சாப்பிட்டுவிட்டு, கற்றதைப் பழகிப் பார்க்கலாம் என்று அதே சரிவில் இறங்கினாள். வேகமே இல்லாமல், திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் போக, ஸ்கீ மாட்டிய கால் இன்னொரு பக்கம் திருகிக்கொண்டது. வேகமாக விழுந்தால் பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங் கழன்றுகொள்ளும். மெதுவாகத் திருகி விழும்போது பல சமயம் கழல்வதில்லை. முழங்காலின் ஏ.சி.எல். லிகமென்ட் போவது பெரும்பாலும் இப்படித்தான் என்று அங்கிருந்த டாக்டரே சொன்னார்.

சறுக்குச் சரிவில் அடிபட்டால் ரோந்துப் பணியாளர்கள் ஸ்லெட்ஜில் படுக்கவைத்துக் கட்டிக் கீழே கொண்டுவருகிறார்கள். அருமையாகச் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது இலவசம் இல்லை. சுவிட்சர்லாந்தில் சரிவிலிருந்து இறக்கியதற்கே சில நூறு பிராங்க் பில் வரும். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் என்று மனக்கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் வந்தால் தொகை ஆயிரங்களுக்குப் போய்விடும். டாக்டரிடம் எக்ஸ்ரே, முழங்கால் பிரேஸ், ஊன்றுகோல், வலி மாத்திரை. எல்லாம் கார்டில் உடனடிப் பணம். விமானத்தில் காலை மடக்க முடியாது என்பதால் கூடுதல் இருக்கை வாங்க வேண்டிவந்தது.

சான்றிதழில் இருந்த அவசர எண்ணுக்கு அன்று மாலையே போன் செய்தோம். எடுத்த பெண் மரியாதையாகப் பேசினார். எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்று எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு ஒரு குறிப்பு எண் கொடுத்தார். “பில்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஊருக்கு வந்து ரீஇம்பர்ஸ்மென்ட் போடுங்கள்” என்றார். கூடுதல் இருக்கைக்கு முன்அனுமதி வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பயிற்சியாளர் கூட இருந்தாரா என்ற கேள்வியும் அப்போது வரவில்லை.

அந்தக் கேள்வி வந்தது சென்னைக்குத் திரும்பி, கிளெய்ம் படிவம் போட்ட பிறகு. விபத்து நடந்த விதத்தை விவரிக்கச் சொன்ன இடத்தில் மனைவி உள்ளதை எழுதினாள்: வகுப்பு முடிந்த பிறகு தனியாகப் பயிற்சி செய்தபோது. உடனே கடிதம்: விபத்து நேரத்தில் உடன் இருந்த பயிற்சியாளரின் சான்றிதழை அனுப்பவும். இல்லை என்று பதில் போட்டதும் நிராகரிப்பு வந்தது. பாலிசி விதிமுறைப்படி, தொழில்முறையாக இல்லாமல் பொழுதுபோக்காகவும், பயிற்சி பெற்ற ஒருவரின் மேற்பார்வையிலும் நடக்கும் சாகச விளையாட்டுக்கு மட்டுமே இந்த ஆட்-ஆன் பொருந்தும். மேற்பார்வை இல்லாததால் மருத்துவச் செலவு கிடையாது. ஸ்லெட்ஜ் ‘ஆம்புலன்ஸ்’ என்ற விளக்கத்தில் வராது. கூடுதல் இருக்கைக்கு முன்அனுமதி பெறவில்லை. மூன்று வரியில் மொத்தமும் காலி.

இந்த மேற்பார்வை நிபந்தனையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாராகிளைடிங்குக்கோ ராஃப்டிங்குக்கோ அது நியாயம்தான், அங்கே பயிற்சியாளர் இல்லாமல் யாரும் ஏற்றவே மாட்டார்கள். பனிச்சறுக்கு அப்படி இல்லை. மலை மேல் ஏற்றும் லிஃப்டுக்குப் பாஸ் வாங்கினால் காலையிலிருந்து லிஃப்ட் மூடும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். வகுப்பு அதில் சில மணி நேரம்தான். நன்றாகக் கற்றவர்கள் பெரும்பாலும் வகுப்புக்கே போவதில்லை. நீச்சல் குளத்துக்குக் காப்பீடு விற்றுவிட்டு, கோச் கையைப் பிடித்திருந்தால் மட்டும் செல்லும் என்று சொல்வது மாதிரி இருக்கிறது. அந்த ஆட்-ஆனை வாங்கிப் பனிச்சறுக்குக்குப் போகிற முக்கால்வாசிப் பேருக்கு அது பெரும்பாலான நேரம் செல்லாது. அது விற்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெர்னில் இருக்கும் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர், விஷயம் கேட்டு மிகவும் வருத்தப்பட்டார். “அண்ணா, இஞ்ச வேலை செய்யிற ஆக்களுக்கு வேலைத்தலத்தாலேயே விபத்துக் காப்புறுதி இருக்கு. சறுக்கி விழுந்தாலும் அது குடுக்கும். அதால நீங்கள் என்ன எடுத்தனீங்கள் எண்டு கேக்கவேணும் எண்டே தோணேல்ல.” உண்மைதான். ஒரு முதலாளியிடம் வாரம் 8 மணி நேரமாவது வேலை செய்பவருக்கு அந்த நாட்டில் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் கட்டாயக் காப்பீடு உண்டு. உள்ளூர்க்காரர்கள் கவலையில்லாமல் சறுக்குவதைப் பார்த்து நாமும் அதே மாதிரி இருந்துவிடக் கூடாது. ‘ரேகா’ என்ற ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பைப் பற்றியும் அவர்தான் சொன்னார். 1414 அவர்களுடைய அவசர எண். வருடத்துக்கு 40 பிராங்க் கட்டி ஆதரவாளராகச் சேர்ந்தால், வேறு இன்சூரன்ஸ் கொடுக்காத அவர்களுடைய மீட்புச் செலவைத் தள்ளுபடி செய்வார்கள். இது சட்டப்படியான காப்பீடு அல்ல, அவர்களாகப் பார்த்துச் செய்வது. மருத்துவமனை பில்லையும் இது தொடாது. ஆனாலும் அந்த விலைக்கு எடுத்து வைப்பதில் தப்பில்லை. பிரான்ஸ் போகிறவர்கள் லிஃப்ட் பாஸ் வாங்கும் கவுண்டரிலேயே ‘காரே நேஜ்’ என்று கேளுங்கள். ஒரு நாளுக்குச் சில யூரோ, சரிவிலிருந்து இறக்கும் செலவை அது பார்த்துக்கொள்ளும். அங்கும் சறுக்குத்தளத்தில் மீட்புக்கு உள்ளூராட்சி பணம் வசூலிக்கலாம் என்று சட்டமே இருக்கிறது.

இன்னொரு செலவை யாரும் நினைப்பதே இல்லை. நீங்கள் விழாமல், இன்னொருவர் மேல் போய் மோதினால்? சரிவில் முன்னால், கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும். சர்வதேசப் பனிச்சறுக்கு சம்மேளனத்தின் பத்து நடத்தை விதிகளில் இது வருகிறது, ஆல்ப்ஸ் நாட்டு நீதிமன்றங்கள் தவறு யாருடையது என்று பார்க்க இந்த விதிகளைத்தான் எடுத்துக்கொள்கின்றன. புதிதாகக் கற்பவர் நிற்கத் தெரியாமல் மேலிருந்து வந்து மோதினால் பொறுப்பு அவருடையதுதான். இத்தாலியில் 2022 ஜனவரி 1 முதல் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் சறுக்கவே கூடாது, பிடித்தால் அபராதம். உங்கள் பாலிசியில் ‘பர்சனல் லயபிலிட்டி’ என்று ஒரு தொகை இருக்கும். அது பனிச்சறுக்கு நேரத்துக்கும் பொருந்துமா என்று கேட்காமல் விடாதீர்கள்.

வாங்கும் முன் நான் இப்போது பார்க்கச் சொல்வது சான்றிதழை அல்ல, முழு விதிமுறையில் ‘விதிவிலக்குகள்’ பகுதியை. அதில் பனிச்சறுக்கு, ஸ்கீயிங், வின்டர் ஸ்போர்ட்ஸ் ஆகிய சொற்களைத் தேடுங்கள். மேற்பார்வை நிபந்தனை இருந்தால் அந்தப் பாலிசி வேண்டாம். குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகும் ‘ஆஃப் பிஸ்ட்’ பெரும்பாலானவற்றில் கிடையாது, முதல் முறை போகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. மலையிலிருந்து மீட்கும் செலவு தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, அது எவ்வளவு வரை என்று பாருங்கள். குடித்துவிட்டுச் சறுக்கினால் பெரும்பாலான நிறுவனங்கள் கொடுக்காது. மலை மேல் மதியச் சாப்பாட்டோடு சூடான ஒயின் கைக்கு வந்துவிடும், எச்சரிக்கை. சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முழங்கால் கேஸில்கூடப் பழைய மருந்துச்சீட்டை எடுத்து ஆராய்கிறார்கள். 30,000 யூரோவுக்கும் ஒரு லட்சம் டாலருக்கும் பிரீமிய வித்தியாசம் அதிகமில்லை, பெரியதையே எடுங்கள். பல பாலிசிகளில் முதல் 100 டாலர் போல ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டும், அதனால் சின்ன பில்லுக்கு ஒன்றும் திரும்பி வராது. வாடகை ஸ்கீ உடைந்தாலோ திருடு போனாலோ என்ன என்பதைக் கடையிலேயே கேட்டு, அங்கே கிடைக்கும் சின்னக் காப்பீட்டை எடுத்துவிடுவது எளிது.

லிகமென்ட் அறுந்தவர்களுக்கு முக்கியமான ஒன்று. ஏ.சி.எல். அறுவை சிகிச்சையை பெரும்பாலும் அன்றைக்கே செய்ய மாட்டார்கள். வீக்கம் வடிந்து கால் ஓரளவு மடங்க ஆரம்பித்த பிறகு, வாரங்கள் கழித்துத்தான் செய்வார்கள். அதற்குள் நீங்கள் ஊருக்கு வந்திருப்பீர்கள், டிராவல் பாலிசி முடிந்திருக்கும். ஆக, பெரிய செலவுக்கு டிராவல் பாலிசி பெரும்பாலும் உதவப்போவதில்லை. எங்களுக்குக் கை கொடுத்தது இங்கே இருக்கும் சாதாரண ஹெல்த் பாலிசிதான். ‘சாகச விளையாட்டில் அடிபட்டால் ஹெல்த் இன்சூரன்ஸ் தராது’ என்று மருத்துவமனை இன்சூரன்ஸ் கவுண்டரிலேயே ஒருவர் பயமுறுத்தினார். அது சரியில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த விதிவிலக்கு ஒன்பதாம் எண், சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுபவர்களுக்கு மட்டும்தான். சுற்றுலாவில் சறுக்கி விழுந்தவர் தொழில்முறை வீரர் இல்லை. அந்த வரியைக் காட்டிப் பேசிய பிறகு கேஷ்லெஸ் கிடைத்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஸ்கீயிங் இன்ஜுரி’ என்று மட்டும் எழுதாமல், விடுமுறையில் பொழுதுபோக்காகச் சறுக்கியபோது என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள்.

நிராகரிப்பு வந்தால் என்ன செய்வது? முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார்கள். நிறுவனம் கையை விரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயத்தை நுகர்வோர் நீதிமன்றத்திலும் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள், அதனால் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் புகார் இப்போது ஆம்புட்ஸ்மேனிடம்தான் இருக்கிறது. விசாரணைக்கு அழைப்பு வர வேண்டும். கையில் இருக்கும் ஆதாரங்களில் பலமானது ஏஜென்டின் வாட்ஸ்அப் பதில்தான்: நான் ஸ்கீயிங் என்று சொல்லிக் கேட்டது, அவர் எல்லாம் கவர் என்று சொன்னது, தேதியோடு. போனில் கேட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது. நீங்கள் வாங்கப் போகும் நிறுவனத்துக்கே, ஏஜென்டுக்கு அல்ல, ஒரு மெயில் போடுங்கள்: “பயிற்சியாளர் உடன் இல்லாமல், குறியிட்ட பாதையில், பொழுதுபோக்காகப் பனிச்சறுக்கு செய்யும்போது விபத்து ஏற்பட்டால் மருத்துவச் செலவும் மலையிலிருந்து மீட்கும் செலவும் இந்தப் பாலிசியில் கிடைக்குமா?” ஆம் என்று எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். பதிலுக்குப் பதிலாக பிரோஷர் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.