பகலில் பளிச், ராத்திரியில் இரட்டை: எட்டியோஸ் காருக்கு மாற்றிய முன்கண்ணாடி

முதலில் போட்ட கண்ணாடி கூலியோடு 4,300 ரூபாய். ஐந்து வாரம் ஓட்டினேன். பத்துக்கு இரண்டு மார்க் கொடுக்கலாம், அதுவும் பகலுக்கு மட்டும். இப்போது இருப்பது வண்டிக் கம்பெனியின் அசல் கண்ணாடி, 9,200 ரூபாய்.

பாளையங்கோட்டையில் டாக்ஸி ஓட்டுகிறேன். வல்லநாடு பக்கம் முன்னால் போன ஜல்லி லாரியிலிருந்து கல் தெறித்து, முன்கண்ணாடியில் ஓரத்திலிருந்து ஓரம் வரை கீறல் ஓடிவிட்டது. இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். ஆனாலும் க்ளெய்ம் போட்டால், க்ளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் போய்விடுமே என்று கணக்குப் பார்த்து, கைக்காசில் விலை குறைந்ததாக ஒரு கடையில் மாட்டினேன். வேலை சுத்தம்தான். பசை காயும்வரை டேப் ஒட்டி, கதவை அறைந்து சாத்த வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். மத்தியான வெயிலில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சுலோசன முதலியார் பாலத்தில் ஏறியதும்தான் வினை தெரிந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் மேலே மங்கலாக இன்னொரு விளக்கு. எதிரே வந்த பைக்குக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஹெட்லைட். எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றே பிடிபடவில்லை. வயது ஐம்பத்திரண்டு, புரைதான் விழுந்துவிட்டது என்று பயந்து, வீட்டில் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பயணி. விமான கேப்டன், சாரல் சமயத்தில் லீவில் வந்தவர். வாகைக்குளம் ஏர்போர்ட்டில் ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் போகிறேன். ஆலங்குளம் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது.

“அண்ணே, அந்தக் காற்றாலைக் காத்தாடி உச்சியில சிவப்பு லைட் உங்களுக்கு எத்தனை தெரியுது?”

“ரெண்டு சார்.”

“எனக்கும் ரெண்டுதான். ஓரமா நிறுத்துங்க.”

ஒரு டீக்கடைப் பக்கம் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஒன்றுதான் எரிகிறது. உள்ளே வந்து உட்கார்ந்தால் இரண்டு.

டீ குடித்துக்கொண்டே சொன்னார். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். தகடுகள் ஒன்றுக்கொன்று சமமாக அமையாவிட்டால் வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே முட்டித் திரும்பி, பக்கத்தில் இன்னொரு பிம்பமாக வரும். கண்ணாடி சாய்ந்து நிற்க நிற்க அது கூடும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. விமானத்துக் கண்ணாடி இன்னும் பல அடுக்கு, பனி படியாமல் இருக்கச் சூடு வேறு ஏற்றுவார்களாம். ராத்திரி மழையில் இறங்கும்போது கண்ணாடியில் ஓடும் தண்ணீர் வெளிச்சத்தை வளைத்து, உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் பறப்பதாகத் தோன்ற வைக்கும். அதை நம்பி விமானத்தை இன்னும் இறக்கினால் ஆபத்து. அதனால் ரன்வே ஓரத்தில் நாலு விளக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான உயரம். நாலும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்ந்துவிட்டோம்.

“நாங்க கண்ணை விட்டுட்டு விளக்கைப் பார்ப்போம். உங்களுக்கு ரோட்டோரம் யார் வச்சிருக்கா?” என்றார். எத்தனையோ வருஷமாக ஏர்போர்ட் சவாரி அடிக்கிறேன், இப்படி ஒரு விளக்கு இருப்பதே அன்றுதான் தெரியும்.

மறுநாள் கடைக்குப் போனேன். “ஒரு மாசம் ஓட்டுங்க அண்ணாச்சி, கண்ணு பழகிரும்” என்றார்கள். அப்புறம் 500 ரூபாய் குறைத்து அதே சரக்கில் வேறொன்று போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். கண்ணாடி மூலையைக் காட்டினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, பாதுகாப்புக் கண்ணாடிக்கான தர எண் ஐ.எஸ். 2553 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பெயர் மட்டும் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது பட்டறை கே.டி.சி. நகர் பக்கம். கண்ணாடி வர இரண்டு நாள், அந்த இரண்டு நாள் சவாரி போச்சு. மாட்டுவதை ராத்திரி ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பசை போடும் முன்னால் இரண்டு பையன்களைக் கண்ணாடியை வண்டியில் சாய்ந்திருக்கும் அதே சாய்வில் பிடிக்கச் சொல்லி, அதன் வழியாகத் தெருவிளக்கைப் பார்த்தேன். கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள். விளக்கு ஒன்றே ஒன்று. தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன், கரண்ட் கம்பம் நெளியாமல் நின்றது. பானெட் ஓரமாக நாலு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் வளைந்து தெரிகிறது. அந்த இடத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரே குறை, எண்பதைத் தாண்டினால் கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்கில் இடது பக்கம் விசில் சத்தம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.