புயல், வெள்ள நேரத்தில் கூடுதல் விலைக்கு விற்கிறார்களா? பில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்

மின்சாரம் நின்று, பாதைகள் வெள்ளத்தில் மூழ்கியிருக்கும் நாட்களில் சில கடைகளில் கிடைக்கும் பில் இப்படித்தான் இருக்கும்: கிழித்த கடதாசித் துண்டு, அதில் "சாமான் – 2,460" என்று ஒரே வரி. கடைப் பெயர், திகதி எதுவும் இல்லை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்றும் இல்லை. ஏமாற்றப்பட்டது வீட்டுக்கு வந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும். அந்தத் துண்டை வைத்து எந்த அதிகாரியும் வழக்குப் போட முடியாது.

2025 நவம்பர் கடைசியில் இலங்கையில் டித்வா புயலோடு அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டபோது, இனி விலையை ஏற்றினாலே குற்றம் என்று பலர் நினைத்தார்கள். அப்படியில்லை. அந்தப் பிரகடனம் தானாக எந்தப் பொருளுக்கும் விலை நிர்ணயிப்பதில்லை. முந்தைய விலையைவிட இத்தனை வீதம் கூடினால் குற்றம் என்ற கணக்கும் நுகர்வோர் சட்டத்தில் கிடையாது. மலையகப் பாதைகள் மண்சரிவால் அடைபட்டு லொறி வராதபோது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கரட், லீக்ஸ் விலை இரட்டிப்பானால், வயிறு எரியும்தான், ஆனால் அந்த விலை மட்டும் வழக்காகாது. கைகொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அது எங்கே பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு முறையிட வேண்டும்.

முதலாவது, வர்த்தமானியில் உச்ச விலை வந்த பொருட்கள். போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றர் 70 ரூபா, 1 லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130, 2 லீற்றர் 160, 5 லீற்றர் 350 என்று உச்ச விலை விதித்தார்கள். அரிசிக்கு 2024 டிசம்பரில் உள்ளூர் நாட்டரிசி கிலோ 230, சம்பா 240, கீரி சம்பா 260. இவை மாறக்கூடியவை என்பதால், முறையிட முன் கடைசி வர்த்தமானி விலையை அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிணறுகளுக்குள் வெள்ளம் புகுந்த ஊரில் தண்ணீர்ப் போத்தலுக்கு "கூலிங் காசு" என்று 30 ரூபா கூட்டுவது சின்ன விசயமில்லை. குளிரூட்டியில் வைத்திருந்தாலும் உச்ச விலை உச்ச விலைதான்.

இரண்டாவது, விலை அச்சிட்ட பொருட்கள்: பால்மா, பிஸ்கற், சவர்க்காரம், நுளம்புத்திரி. இங்கேதான் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். உற்பத்தித் திகதிக்குப் பக்கத்தில் மையால் அச்சான விலைதான் மூல விலை. அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விளிம்பை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். சில பக்கற்றுகளில் விலை இருந்த இடம் மட்டும் தின்னர் போட்டுத் துடைத்ததுபோல வெளிறி, மினுக்கம் இல்லாமல் இருக்கும். விலைக்குறியை அழிப்பதும் மாற்றுவதும் தனிக் குற்றம். "புது விலை வந்திட்டுது" என்று சொல்லிப் பழைய விலை அச்சான சரக்கைக் கூட்டி விற்கவும் முடியாது. அப்படியான பக்கற்றை எறிந்துவிடாதீர்கள், உங்கள் சாட்சியே அதுதான்.

மூன்றாவது, இரண்டிலும் அடங்காதவை: மரக்கறி, தறப்பாள், விலை போடாத மெழுகுதிரி. இவற்றில் விலையைப் பிடிக்க முடியாது, நடத்தையைப் பிடிக்கலாம். விலைப்பட்டியல் கண்ணில் படும்படி தொங்கவிடாதது, கேட்டும் பற்றுச்சீட்டு தர மறுப்பது, உள்ளே சரக்கை வைத்துக்கொண்டு "இல்லை" என்பது, "ரெண்டு சவர்க்காரமும் எடுத்தாத்தான் பால்மா" என்று நிபந்தனை போடுவது. "விலை கூட" என்று சொல்வதைவிட "பட்டியல் தொங்கவில்லை, பில் தரவில்லை" என்று சொன்னால் அதிகாரிக்குப் பிடிக்க ஒரு நுனி கிடைக்கும்.

காஸ் சிலிண்டருக்கு மட்டும் ஒரு கவனம். 12.5 கிலோ லிட்ரோவின் விலை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. கொழும்பு விலையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு முறையிட்டால் எடுபடாது, உங்கள் மாவட்ட விலையோடு ஒப்பிடுங்கள்.

பில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். "அண்ணை, ஒவ்வொண்டையும் விலையோட எழுதித் தாங்கோ" என்றால் போதும். கேட்டால் திகதி, அளவு, விலை எழுதிய பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. மறுத்தால் சண்டை பிடிக்காதீர்கள். வெளியே வந்து பொருளை, அச்சான விலை தெரியும்படி, கடைப் பெயர்ப்பலகையோடு சேர்த்துப் படமெடுங்கள். நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அன்றைக்கே 1977க்கு அழையுங்கள், அல்லது கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். அன்றைக்கே என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதிகாரிகள் வாடிக்கையாளர் போலப் போய் அதே பொருளை வாங்கித்தான் பெரும்பாலும் வழக்கை உறுதிப்படுத்துவார்கள். மூன்று நாள் கழித்துப் போனால் சரக்கும் இருக்காது, அந்த விலையும் இருக்காது. கடைப் பெயர், வீதி, கிட்டிய சந்தி, பொருளின் பெயர், நிறை அல்லது கொள்ளளவு, அச்சான விலை, வாங்கிய விலை, நேரம் ஆகியவற்றை இந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள். "சந்தியிலை இருக்கிற பெரிய கடை" என்றால் எந்தச் சந்தி என்பதிலேயே நேரம் போய்விடும். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம், மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உரியது. விலைக்காக அதை அடைக்காதீர்கள்.

2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உச்ச விலையை மீறும் தனி வியாபாரிக்கு முதல் தடவையில் தண்டம் 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரை, கம்பனியென்றால் 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை. அது நீதிமன்றத்தில் கட்டும் காசு. நீங்கள் கூடுதலாகக் கொடுத்த 30 ரூபா அதிலிருந்து உங்கள் கைக்கு வராது. ஆனால் அடுத்த நாள் அதே கடைக்குக் கைக்குழந்தையோடு தண்ணீர் வாங்க வருபவரிடம் 70 ரூபாதான் கேட்பார்கள்.