மெயின் கூன் பூனைக்குட்டி வாங்கப் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் ஆறியபின் எழுது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது ஆறுவதற்குள் இன்னொருவர் பணம் அனுப்பிவிடுவார். இப்போதே எழுதுகிறேன்.

மெயின் கூன் மீது எனக்கு வெகுநாள் ஆசை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், பண்ணைகளில் எலி பிடித்து, பனியில் புரண்டு உரம் ஏறிய இனம். 1985-இல் அந்த மாநிலமே அதைத் தன் பூனையாக அறிவித்தது. தண்ணீர் எளிதில் இறங்காத நீண்ட முடி, விரல் இடுக்குகளிலும் முடிக்கற்றை, உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குப் புசுபுசுவென்ற வால். ஆண் பூனை எட்டுக் கிலோவரை வளரும். ஆனால் கூப்பிடும் குரலோ குருவிக் கீச்சு. இப்படி ஒன்றை வளர்க்க வேண்டுமென்று பணம் சேர்த்தேன்.

வளர்ப்புப் பிராணிகளை விற்கும் ஒரு செயலியில், 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்ற முத்திரையோடு விளம்பரம் இருந்தது. வீடியோ அழைப்பில் வந்தவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்னைத்தான் கேள்வி கேட்டார். பால்கனிக்கு வலை போட்டிருக்கிறதா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? தினமும் முடி வாரிவிட நேரம் இருக்குமா? பின்னால் ஒரு பெரிய பூனை சோபாவில் நீட்டிப் படுத்திருந்தது. "பணம் முக்கியமில்லை அக்கா, குட்டி நல்ல வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்" என்றார். நல்ல வளர்ப்பாளர்கள் கேட்கும் கேள்விகள்தான் அவை. அந்த இடத்தில்தான் நம்பினேன். அன்று மாலையே முழுத்தொகையும் அனுப்பினேன். இரண்டு மாதச் சம்பளம்.

வந்த குட்டி ஓயாமல் தும்மியது. கண்ணில் பீளை கட்டியிருந்தது. பன்னிரண்டு வாரம் என்று சொல்லி விற்ற குட்டிக்கு, ஏழாவது வாரவாக்கில் மாறத் தொடங்கும் கண்ணின் நீலம்கூட இன்னும் மாறவில்லை. அழைத்துக் கேட்டால், "பனியிலேயே வாழும் இனம் அக்கா, தும்மலெல்லாம் ஒன்றும் செய்யாது" என்கிறார். இவ்வளவு சிறியதாக இருக்கிறதே என்றால், "இந்த இனம் முழுதாக வளர நான்கு வருடம் ஆகும்" என்கிறார். மெயின் கூன் மெல்ல வளரும், குளிர் தாங்கும் என்பதெல்லாம் உண்மை. எனக்கு வயிறு எரிவது இதனால்தான்: இனத்தின் உண்மையான குணத்தைச் சொல்லியே நோயை மறைத்தார்கள்.

தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் எண்ணைப் படிக்க, கால்நடை மருத்துவர் ஸ்கேனரைக் குட்டியின் கழுத்துக்கும் தோளுக்கும் மேலே மெதுவாக நகர்த்தினார். திரும்பவும் நகர்த்தினார். எந்த எண்ணும் வரவில்லை. குட்டியோடு வந்த சான்றிதழில் மட்டும் மைக்ரோசிப் எண் இருந்தது, அதுவும் பதின்மூன்று இலக்கம். இன்று பரவலாகப் போடும் சிப்புகளுக்குப் பதினைந்து இலக்கம். அடுத்து அவர் நிறத்தைக் காட்டினார். தாய் முழு ஆரஞ்சு, தந்தை கறுப்பு என்று எழுதியிருந்தது. அந்த ஜோடிக்குப் பிறக்கும் பெண் குட்டி கறுப்பும் ஆரஞ்சும் கலந்துதான் இருக்கும், ஏனென்றால் ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பெண் குட்டிக்கு அது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வரும். என் கையில் இருந்ததோ ஆரஞ்சு ஒரு துளியும் இல்லாத சாம்பல் வரிக்குட்டி. பெண். அந்தக் காகிதம் இந்தக் குட்டியுடையது அல்ல.

இதைச் சொன்ன நிமிடத்திலிருந்து நான் 'அக்கா' இல்லை, 'மேடம்'. "அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது மேடம்." "உங்கள் மருத்துவருக்கு இந்த இனம் தெரியாது மேடம்." பிறகு பதிலே இல்லை. செயலிக்காரர்களிடம் போனால், "நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பவர்கள் மட்டுமே" என்று ஒரு மின்னஞ்சல். பிறகு எதற்கு அந்த முத்திரை? யார் எதைச் சரிபார்த்தார்கள்? இரண்டாவது புகாரை ஒரு வார்த்தை பேசாமலேயே 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். என் இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு காசு திரும்பவில்லை. என்ன தீர்ந்தது?

குட்டியைத் திருப்பி அனுப்பமாட்டேன். அது எந்த இனமாக இருந்தாலும் இனி எங்கள் வீட்டுப் பிள்ளை. மருந்து போகிறது, இப்போது சாப்பிடுகிறது.

விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இவற்றை மட்டும் செய்யுங்கள். நேரில் போய்த் தாய்ப்பூனையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிப்பை உங்கள் கண்முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். உரமான இனம்தான், ஆனாலும் இதயத்தசை தடிக்கும் நோய் இதற்குப் பரம்பரையாக வரும். அதற்கான ஒரு மரபணுப் பிழையை 2005-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், சோதனையும் இருக்கிறது. தாய் தந்தை இரண்டின் முடிவையும், இதய ஸ்கேன் அறிக்கையையும் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். சான்றிதழ் கொடுத்த அமைப்பின் முகவரியை நீங்களே தேடி எடுத்து விசாரியுங்கள். காகிதத்தில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை நம்பாதீர்கள். நான் அந்த எண்ணை அழைத்தபோது எடுத்துப் பேசியது அதே ஆள்.