எங்கள் ஊர் அரசாங்கப் பல் கிளினிக்: மூன்று முறை சென்று வந்த பிறகு

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறு நகரத்தில் நாங்கள் வசிக்கிறோம். இங்குள்ள சுகாதாரக் கிளினிக்கின் பின்கட்டில் இயங்கும் பல் சிகிச்சைப் பிரிவுக்கு, ஐந்து வயது முடிந்த என் மகனைக் கடந்த எட்டு மாதங்களில் மூன்று முறை அழைத்துச் சென்றேன். "அங்கே போனால் பல்லைப் பிடுங்கத்தானே செய்வார்கள்" என்று தோட்டத்துத் தாய்மார்கள் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதையும், அந்த இடத்தில் இன்னும் சரிசெய்ய வேண்டியது என்ன என்பதையும் அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளியோடு இணைந்த பாலர் பள்ளிக்கு ஒருநாள் நடமாடும் பல் மருத்துவக் குழு வந்து, பிள்ளைகளின் வாயைச் சோதித்து, என் மகனிடம் ஒரு சீட்டைக் கொடுத்தனுப்பியதுதான் தொடக்கம். கீழ்க் கடைவாய்ப் பால்பல் ஒன்றில் சொத்தை இருப்பதாகவும், கிளினிக்குக்கு அழைத்துவர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கான அடையாள அட்டையான மைகிட்டை எடுத்துக்கொண்டு போனேன். மகனுக்குக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. பிறகு என் பல்லையும் காட்டியபோது ஒரு வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள்.

அவனைப் பார்த்தவர் பல் சிகிச்சையாளரான ஒரு மலாய்ப் பெண்மணி. என் அம்மா காலத்தில் 'பல் மிஸ்ஸி' என்று அழைக்கப்பட்டவர்களின் இன்றைய பதவிப் பெயர் அது. நியூசிலாந்தின் பள்ளிப் பல் தாதியர் முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்து வந்த பணி இது. பிள்ளைகளின் பல்லைக் கவனிப்பதுதான் அவர்களுடைய முழு வேலை. அந்தப் பயிற்சியின் பலன் நாற்காலியில் ஏற மறுத்த என் மகனை அவர் கையாண்ட விதத்திலேயே தெரிந்தது. கருவி எதையும் எடுக்காமல் முதலில் சிறு கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, அவன் பற்களை அவனையே எண்ணச் சொன்னார். தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்ட "வாய் தொற தம்பி, பெருசா" என்ற மூன்று நான்கு சொற்களே அவருக்குத் தெரிந்த தமிழ். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சொத்தைப் பல்லை அன்றே அடைத்துவிட்டார்கள். ஆனால் என்னைப் பாதித்தது அதற்கு முன் நடந்த ஒன்று. அவர் அவனுடைய மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்து, முன்பற்களின் மேல் ஓரத்தை எனக்குக் காட்டினார். நான்கு பற்களிலும் ஈறை ஒட்டினாற்போல், சுண்ணாம்பால் மெல்லிய கோடு இழுத்தது போன்ற மங்கலான வெண்மை தெரிந்தது. வெள்ளையாக இருந்தால் பல் நன்றாக இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். பல்லின் மேற்பூச்சிலுள்ள தாதுச்சத்து கரையத் தொடங்கியதன் முதல் அடையாளம் அது என்றும், குழி விழுவதற்கு முந்தைய அந்த நிலையிலேயே கவனித்தால் சொத்தையைத் தடுத்து நிறுத்தலாம் என்றும் அவர் விளக்கினார். பிறகு அந்த இடங்களில் மஞ்சள் நிறத்தில் ஃப்ளோரைடு பூச்சு ஒன்றைத் தடவினார். மாதம் ஒருமுறை வீட்டிலேயே உதட்டைத் தூக்கிப் பார்க்கும்படி சொன்னார். இதை அன்றுவரை எனக்கு யாருமே சொன்னதில்லை.

அடுத்து அவர், தினமும் எத்தனை முறை பல் துலக்குகிறான் என்று கேட்கவில்லை. இரவில் கடைசியாக அவன் வாய்க்குள் போவது என்ன என்று கேட்டார். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் மகனை வளர்ப்பது என் அம்மா. அவன் உறங்குவதற்காக அம்மா கெட்டிப்பால் கலந்த புட்டியைக் கையில் கொடுத்துவிடுவார். பகலில் உமிழ்நீர் சுரந்து அமிலத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும். உறக்கத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடுவதால், முன்பற்களைச் சுற்றித் தேங்கும் சீனியை வாயிலுள்ள கிருமிகள் இரவு முழுவதும் அமிலமாக மாற்றிக்கொண்டிருக்கும். முன்பற்களில் அந்தக் கோடு வந்ததன் காரணம் அங்கேயே விளங்கியது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு இரவும் பாலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கடைசியில் வெறும் தண்ணீராக்கிவிடும்படி சொல்லித் தந்தார். மூன்று வாரத்தில் அவனே புட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இரண்டாவது வருகைக்கு அம்மாவையும் அழைத்துச் சென்றேன். இந்தக் கிளினிக் பற்றி நான் சொல்லக்கூடிய மிகச் சிறந்த செய்தி அன்று நடந்ததுதான். "பால்பல்தானே, விழுந்து மொளச்சிரும்" என்று அம்மா சொன்னதை நான் மலாயில் எடுத்துச் சொன்னேன். உடனே அவர் அலமாரியிலிருந்து ஒரு குழந்தையின் தாடை மாதிரியை எடுத்து, அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றிக் காட்டினார். இருபது பால்பற்களின் வேர்களுக்கு அடியில், எலும்புக்குள் நிலைத்த பற்கள் முளைக்கக் காத்துக்கொண்டிருந்தன. கடைவாய்ப் பால்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை என்றும், அவை முன்னதாகவே போய்விட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, அடியிலிருந்து வரும் பல்லுக்கு வழியில்லாமல் செய்துவிடும் என்றும் சொன்னார். அம்மா அந்த மாதிரியைக் கையில் வாங்கி, பிஞ்சுப் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அன்றிரவு பேரனின் பல்லைத் துலக்கிவிட்டது அவர்தான்.

துலக்கும் முறையையும் அன்றே பழக்கினார்கள். பற்களில் ஒரு சாயத்தைத் தடவி வாயைக் கொப்பளிக்கச் சொன்னதும், காலையில் தானாகவே துலக்கிவிட்டு வந்திருந்த என் மகனின் ஈறோரங்களும் கடைவாயின் உட்புறமும் இளஞ்சிவப்பாகச் சிவந்து நின்றன. ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கைக்கு அந்த நுணுக்கம் வராது. அவனைத் துலக்கவிட்டு, அதன்பின் பெரியவர் ஒருவர் துலக்கிவிடுவதே சரியான முறையாம். தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் தலையைத் தொடையில் சாய்த்து, பின்னாலிருந்து வாய்க்குள் பார்த்தபடி துலக்க வேண்டும். குழாயடியில் நின்றபடி எதிரே இருந்து துலக்கியபோது எனக்குத் தெரியாத இடமெல்லாம் இப்போது தெரிகிறது. முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர்விட்டுக் கொப்பளித்தால் பற்பசையிலுள்ள ஃப்ளோரைடும் போய்விடும் என்பதால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

பற்பசையைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுக் கடைத்தெரு மளிகைக் கடையில் பிள்ளைகளுக்கான பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பற்பசையில் ஃப்ளோரைடு பத்து லட்சத்தில் 1000 பங்காவது இருக்க வேண்டும். பழப் படமும் பொம்மைப் படமும் போட்ட பெட்டிகளில் ஒன்றில் 500தான் இருந்தது. இன்னொன்றில் ஃப்ளோரைடே இல்லை. மூன்று வயதுக்குள் அரிசிமணி அளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் வைத்தால் போதும். விளம்பரத்தில் வருவதுபோல் தூரிகை முழுவதும் பிதுக்கினால், பிள்ளை அதை விழுங்கி, நிலைத்த பற்களில் வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று அம்மா நினைவூட்டினார். பெரியவர்களுக்கு அது உதவியிருக்கலாம். பிள்ளையின் பல்லுக்கு இன்று வேண்டிய ஃப்ளோரைடு ஆலங்குச்சியிலும் வேலங்குச்சியிலும் இல்லை.

குடிதண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. இந்நாட்டுக் குழாய்நீரில் ஃப்ளோரைடு சேர்க்கும் கொள்கை 1972 முதல் இருந்து வருகிறது. எல்லா மாநிலங்களும் அதைத் தொடரவில்லை. தோட்டத்துக்குள் சொந்த ஏற்பாட்டில் தண்ணீர் பெறுகிறவர்களும், வீட்டில் சவ்வூடு (ஆர்.ஓ.) வடிகட்டி வைத்திருப்பவர்களும் அந்தப் பலன் தங்களுக்குக் கிடைக்காமல் போகலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, குறைகள். முதல் வருகையில் எட்டு மணிக்கே எண் வாங்கியும், உள்ளே அழைக்கும்போது பதினொன்றாகிவிட்டது. காத்திருக்கும் இடத்தில் பிள்ளைகளுக்கென்று எதுவும் இல்லை. பசி தாங்காமல் பலரும் பக்கத்துக் கடையில் இனிப்பு பானப் பெட்டியை வாங்கிக் கொடுப்பதைப் பார்த்தபோது வருத்தமாக இருந்தது. சனி ஞாயிறுகளில் அடைப்பு என்பதால் நாள்கூலிக்குப் போகிறவர்கள் ஒருநாள் சம்பளத்தை இழந்துதான் வர வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் எளிதாக ஏற்க முடியாதது ஒன்று உண்டு. சுவரொட்டிகளும் கையேடுகளும் மலாயில் மட்டுமே இருக்கின்றன. தோட்டங்களில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்களும் ஆயாக் கொட்டகை எனும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகப் பெண்களும்தான். புட்டியைக் கையில் கொடுப்பவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கு விளங்கும் மொழியில் ஒரே ஒரு தாளாவது இல்லையென்றால், இவ்வளவு நல்ல அறிவுரை அந்த அறையைத் தாண்டி வெளியே வராது. மொழிபெயர்க்க நான் இருந்ததால் என் அம்மாவுக்கு அந்தத் தாடை மாதிரியின் பொருள் விளங்கியது. எல்லாப் பாட்டிமார்களுக்கும் அப்படி ஒருவர் கூட வர முடிவதில்லை. கருத்துப் பெட்டியில் இதை எழுதிப் போட்டிருக்கிறேன். அவர்கள் ஒப்புக்கொண்டால் இரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் எழுதித் தரவும் முன்வந்திருக்கிறேன்.

மூன்றாவது வருகை சென்ற மாதம் நடந்தது. புதுச் சொத்தை எதுவும் இல்லை; முன்பற்களின் மங்கல் கோடுகளில் இரண்டு பளபளப்பாக இறுகியிருந்தன. சிகிச்சையாளர் என் விரலை வாங்கி, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஈறில் வைத்தார். அடியில் கடினமாக ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. ஆறு வயதில் வரும் முதல் நிலைத்த கடைவாய்ப்பல் அது. எந்தப் பல்லும் விழாமல் சத்தமின்றி முளைப்பதால் அதையும் பால்பல் என்று நினைத்துப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்களாம். அது முழுவதும் வெளியே வந்ததும், அதன் பள்ளங்களில் சொத்தை பிடிக்காதபடி பூசி மூடிவிட அழைத்துவரச் சொல்லியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் போகிறோம். இந்த முறை பக்கத்து லயத்துப் பாட்டி ஒருவரும் தம் பேத்தியை எங்களோடு அழைத்து வருகிறார்.