முள்ளும் எண்ணும் நின்றால்: மாற்றிப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா?

காரில் வேகமுள் அசையவில்லை, கிலோமீட்டர் எண்ணும் ஓடவில்லை. சில பட்டறைகளில் உடனே ஒரு புதுப் பாகத்தை மாட்டிப் பார்ப்பார்கள். வேறு சிலர் முதலில் அளந்து பார்ப்பார்கள். எந்த வழி நல்லது என்பது வண்டியைப் பொறுத்தது.

பழைய மாருதி 800, அம்பாசடர் போன்ற கேபிள் வண்டிகளில் மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் ஒரே கேபிள்தான் மீட்டருக்குள் காந்தத்தைச் சுழற்றி முள்ளை நகர்த்துகிறது. பற்சக்கரங்கள் வழியாக எண்ணையும் உருட்டுகிறது. இரண்டும் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் பக்கமுள்ள சிறு பற்சக்கரம் தேய்ந்திருக்கும். மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றிவிட்டு வண்டியைத் தள்ளச் சொல்லுங்கள். உள்கம்பி சுழன்றால் கேபிள் நன்றாக இருக்கிறது. முள் ஓடி எண் மட்டும் நின்றிருந்தால் கேபிளைத் தொடவே வேண்டாம், பழுது மீட்டருக்குள் இருக்கிறது.

கேபிளுக்குப் பதிலாகச் சென்சார் வேகத்தை மின் சைகையாக அனுப்பும் வண்டியில் கதை வேறு. வண்டியின் கணினியில் பதிவாகும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0500 என்று வந்ததும் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அந்தக் குறியீடு வேகத் தகவல் சரியாக வரவில்லை என்றுதான் சொல்கிறது. சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. எங்கள் வண்டியில் அப்படித்தான் புது சென்சார் போட்டோம். முள் அசையவில்லை. மழைநீர் இறங்கி இணைப்பானின் ஒரு பின் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்ததும் ஓடியது. சென்சாருக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

ஆகவே முதலில் ஃபியூஸ். அடுத்து, ஒருவர் வண்டியை ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரில் வேகத்தைப் பார்க்கட்டும். அதில் வேகம் சரியாகத் தெரிந்தும் முள் அசையாவிட்டால் மீட்டரையும் அதற்குப் போகும் வயரையும் பாருங்கள். பூஜ்யமே காட்டினால் சென்சார் பக்கம். அங்கே மூன்று வயர் இருந்தால், சாவியைத் திருப்பி வைத்து மல்ட்டிமீட்டரால் மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா என்று சோதித்த பிறகே சென்சாரைச் சந்தேகியுங்கள். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல கார்களில் கியர்பாக்ஸில் தனி வேக சென்சாரே கிடையாது. சக்கர சென்சார்களிலிருந்துதான் வேகம் வருகிறது. மீட்டர் நின்று ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் அந்தச் சக்கர சென்சார்களில் தொடங்குங்கள்.

மீட்டரையே மாற்ற நேர்ந்தால் பழைய எண்ணைப் படம் எடுத்து, பில்லிலும் எழுதி வாங்குங்கள். வண்டியை விற்கும் நாளில் அதைக் கேட்பார்கள்.