கீசருக்கு எந்த கான்டாக்டர்?

ஏற்காட்டில் விடுதி நடத்தும் நண்பருக்குக் குழப்பம்: கீசர்களை டைமரில் ஓட்ட ஒரு கான்டாக்டர் (டைமர் சொன்னபடி பெரிய சுமையை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) வேண்டும்; அது மாடுலர் கான்டாக்டரா, வழக்கமான பவர் கான்டாக்டரா?

இடம்: மாடுலர், டிபி என்கிற மின் விநியோகப் பெட்டியில் எம்சிபி (தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) பக்கத்திலேயே உட்காரும். பவர் கான்டாக்டருக்குப் பெரும்பாலும் தனிப் பெட்டி.

சத்தம்: மாடுலர் அமைதி. மற்றது ‘டொக்’கென்று அடிக்கும், அறைச் சுவரில் என்றால் தூக்கம் போச்சு.

சுமை: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மாடுலரில் போட்டிருக்கும் 25 ஆம்பியர், ஏசி-7ஏ என்கிற ஹீட்டர் கணக்கு. மோட்டாருக்கான ஏசி-7பி கணக்கில் அதுவே சுமார் 8.5 ஆம்பியர்தான்.

சூடு: மாடுலர்களை ஒட்டி அடுக்காதீர்கள், இடையில் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) விடுங்கள்.

பழுது: பல பவர் கான்டாக்டர்களில் காயிலை (உள்ளே இருக்கும் மின்சுருளை) மட்டும் மாற்றலாம். மாடுலர் போனால் புதுசுதான்.

3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர்தான் இழுக்கும்; நண்பருக்கு மாடுலரே சரி. அம்மாப்பேட்டை தறிப் பட்டறை மோட்டார் என்றால், ஓவர்லோட் ரிலேயோடு (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்திவிடும் கருவி) பவர் கான்டாக்டர்.